இழுத்தால்தான் தெரியும்

கோலகங்சார் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டு ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன எழுபதாயிரம் விதைகளின் வம்சம் அது. அந்த விதைகளில் முளைத்த 22 கன்றுகள் மறுவருடம் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது, அப்போது பேராக் ரெசிடெண்ட்டாக இருந்த ஹியூ லோவின் குடியிருப்புத் தோட்டத்தில், கோலகங்சாரில் நடப்பட்டன. அந்த ஒன்பதில் மிஞ்சியது என்று சொல்லி இந்த ஒரு மரத்தைக் காட்டுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பாட்டியை அங்கே அழைத்துப் போனேன். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர் அவர். காரை விட்டு இறங்கி, வேலிக்கு இந்தப் பக்கமாக நின்று கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்தார்.

"இதுதான் மொத மரமா?"

"ஆமா பாட்டி. இது மாதிரி ஒம்பது மரம் இருந்துச்சாம்."

"ஒம்பதுதானா? எனக்கு ஒரு நாளைக்கே ஐந்நூறு மரம்டா."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்த கடையில் தேநீர் குடித்துவிட்டு ஈப்போவுக்குத் திரும்பிவிட்டோம். ஆனால் அந்தக் கணக்கு என் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம். முப்பது வருடம். அத்தனை மங்கில் இருந்தும் வழித்து ஊற்றிய பாலுக்குள் உண்மையிலேயே என்ன இருந்தது? அதை முதலில் பார்த்தது யார்?

எனக்கு இது வெறும் குடும்ப ஆர்வம் மட்டும் இல்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு இப்போது ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க ரப்பரை இழுத்து அறுப்பதுதான் வேலை. பாட்டி மரத்திலிருந்து எடுத்ததை நான் இயந்திரத்தில் மாட்டி இழுக்கிறேன். இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பொருளின் உள்ளமைப்பை அணு அணுவாக வரைந்தவர்களில் முக்கியமானவர் சார்ல்ஸ் வில்லியம் பன் என்கிற ஆங்கிலேய வேதியியலாளர். அவரைப் பற்றித் தமிழில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. அவர் ஆய்வு வெளிவந்த வருடம் 1942. பேராக்கில் வளர்ந்தவர்களுக்கு அந்த வருடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே கணக்கு, இரண்டு பொருள்

பன்னிடம் போவதற்கு முன்னால் அவர் முன்னால் இருந்த புதிரைச் சொல்லிவிடுகிறேன்.

1826இலேயே மைக்கேல் ஃபாரடே ரப்பரைப் பகுத்துப் பார்த்துவிட்டார். அதில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உண்டு, ஐந்து கார்பனுக்கு எட்டு ஹைட்ரஜன் என்ற விகிதம் என்று சொன்னார். 1860இல் கிரெவில் வில்லியம்ஸ் ரப்பரைச் சூடாக்கிச் சிதைத்து, அதே விகிதம் கொண்ட ஒரு திரவத்தைப் பிரித்தெடுத்து ஐசோபிரீன் என்று பெயர் வைத்தார். ஆக, ரப்பர் என்பது ஐசோபிரீன் துண்டுகள் ஏதோ ஒரு விதமாகச் சேர்ந்த பொருள். அதுவரை சரி.

சிக்கல் எங்கே வந்தது என்றால், இதே கணக்குக்குச் சரியாக வரும் இன்னொரு பொருளும் இருந்தது. அதுவும் நம் காட்டிலிருந்து போனதுதான். கட்டப்பெர்ச்சா. மலாய்க்காரர்கள் 'கெத்தா பெர்ச்சா' என்று சொன்னதை வெள்ளைக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். தாபான் என்கிற காட்டு மரத்தின் பால் அது. பேராக் காடுகளிலும் அந்த மரம் நிறைய இருந்தது. 1843இல் மருத்துவர் மாண்ட்கோமரி சிங்கப்பூரிலிருந்து அதன் மாதிரியை லண்டனுக்கு அனுப்பினார். எட்டு வருடத்தில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலுக்கடியில் போன தந்திக் கம்பிக்கு அதுதான் உறை. பிறகு அட்லாண்டிக் கடலடியிலும் அதுவே போனது. உலகத்தின் தந்திப் பேச்சு முழுக்க அந்தப் பாலுக்குள் ஓடியது. பால்மரம் போல இதை வெட்டி வெட்டிப் பால் எடுக்கவில்லை. மரத்தையே சாய்த்துத்தான் எடுத்தார்கள். அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் காடுகளில் பெரிய தாபான் மரங்களைத் தேட வேண்டியதாகிவிட்டது.

கட்டப்பெர்ச்சா இழுபடாது. அறை வெப்பத்தில் கெட்டியாக, தோல்போல இருக்கும். வெந்நீரில் போட்டால் இளகும், ஆறினால் மறுபடி இறுகும். இன்றைக்கும் பல் மருத்துவர் வேர்ச் சிகிச்சை செய்து பல்லை அடைப்பது இதை வைத்துத்தான். ரப்பரோ இழுத்தால் ஏழெட்டு மடங்கு நீண்டு, விட்டால் பழைய அளவுக்கு வந்துவிடும். இரண்டிலும் அதே கார்பன், அதே ஹைட்ரஜன், அதே விகிதம். பின் ஏன் ஒன்று வளைந்து கொடுக்கிறது, மற்றது முறுக்கிக்கொண்டு நிற்கிறது? நூறு வருடம் வேதியியலாளர்களிடம் இதற்கு நேரான பதில் இல்லை.

காடும் தோட்டமும்

பதிலைக் கொண்டுவந்தது எக்ஸ்ரே. ராண்ட்ஜன் அதை 1895இல் கண்டுபிடித்தார். 1912இல் ஜெர்மனியில் லாவேயின் யோசனைப்படி ஒரு படிகத்தின் வழியே எக்ஸ்ரேயைச் செலுத்தியபோது, பின்னால் வைத்த தகட்டில் புள்ளிகள் ஒழுங்காக விழுந்தன. அடுத்த வருடமே பிராக் அப்பாவும் மகனும் அந்தப் புள்ளிகளை வைத்துச் சமையல் உப்புக்குள் அணுக்கள் எங்கெங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று கணக்குப் போட்டுவிட்டார்கள்.

புள்ளிகள் ஏன் விழுகின்றன என்பதை நான் பல்கலைக்கழகத்தில் சூத்திரமாகத்தான் படித்தேன். புரிந்தது பிறகு, பழைய தோட்டத்துப் பக்கம் மோட்டார் சைக்கிளில் போனபோது. ரப்பர்த் தோட்டத்தின் ஓரமாகப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். மரங்கள் குழப்பமாகத் தெரியும். திடீரென்று ஒரு கோணத்தில் ஒரு நிரை முழுக்கத் திறந்து, கடைசி மரம் வரைக்கும் நேராகத் தெரியும். அடுத்த கணம் மூடிவிடும். இன்னொரு கோணத்தில் வேறொரு சாய்ந்த நிரை திறக்கும். மரங்களைச் சம இடைவெளியில் நட்டிருப்பதால் வருவது இது. எந்தக் கோணத்தில் திறக்கிறது என்பதை வைத்து, மரத்துக்கு மரம் எத்தனை அடி என்று கணக்குப் போடலாம். படிகத்துக்குள் எக்ஸ்ரேவுக்கு நடப்பது அலைகளின் விளையாட்டு, இதைவிடச் சிக்கலானது. ஆனாலும் அடிப்படை இதுதான்: நிரை இருந்தால்தான் சில கோணங்களில் வெளிச்சம் திறக்கும். காட்டில் எந்தக் கோணத்திலும் நிரை தெரியாது.

சாதாரண ரப்பர் ஒரு காடு. எக்ஸ்ரேயைச் செலுத்தினால் படத்தில் மங்கலாக ஒரு வளையம் மட்டும் வரும். புள்ளிகளே இருக்காது. 1925இல் யொஹான் ருடால்ஃப் காட்ஸ் என்கிற டச்சுக்காரர் ரப்பர்த் துண்டை நன்றாக இழுத்துப் பிடித்தபடி படம் எடுத்தார். பளிச்சென்று புள்ளிகள் வந்தன. விட்டால் மறைந்தன. மறுபடி இழுத்தால் மறுபடி வந்தன. காடாக இருந்தது இழுத்தவுடன் நிரை நிரையாகத் தோட்டமாகிறது, விட்டால் காடாகிறது. இழுபடும்போது மட்டும் படிகமாகும் ஒரு பொருள்!

அந்த நேரத்தில் ஜெர்மனியில் பெரிய சண்டை வேறு நடந்துகொண்டிருந்தது. ரப்பர், பருத்தி, பட்டு எல்லாம் ஆயிரக்கணக்கான துண்டுகள் கோத்த நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் என்று ஸ்டாடிங்கர் 1920இலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அத்தனை பெரிய மூலக்கூறே கிடையாது, சின்ன மூலக்கூறுகள்தான் கும்பலாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று மற்றவர்கள் மறுத்தார்கள். காட்ஸின் படம் சங்கிலிக் கட்சிக்குப் பெரிய துணையாக அமைந்தது. 1928இல் மெயரும் மார்க்கும் அந்தப் புள்ளிகளை வைத்து ரப்பர்ச் சங்கிலிக்கு ஒரு தோராயமான அமைப்பைச் சொன்னார்கள். ஆனால் எந்த அணு எங்கே இருக்கிறது, எந்தப் பிணைப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற நுணுக்கம் பாக்கி இருந்தது.

சோடா தொழிற்சாலையின் வேதியியலாளர்

சார்ல்ஸ் பன் 1905இல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபர்டில் வேதியியல் படித்தார். படித்து முடித்ததும் பல்கலைக்கழகத்தில் உட்காராமல் வட இங்கிலாந்தில் நார்த்விச் ஊரில் இருந்த ஐ.சி.ஐ. நிறுவனத்தின் வின்னிங்டன் ஆலைக்கு வேலைக்குப் போனார். உப்பிலிருந்து சோடா தயாரிக்கும் இடம் அது. அங்கே ஒரு வேதியியலாளருக்குப் படிகம் என்பது தத்துவம் இல்லை, அன்றாடப் பிரச்சினை. எந்தத் தூளில் என்ன கலந்திருக்கிறது, படிகம் ஏன் இந்த வடிவத்தில் வளர்கிறது என்பதுதான் கேள்வி. முதலில் நுண்ணோக்கியில் படிகங்களைப் பார்த்து இனம் பிரித்தார். பிறகு எக்ஸ்ரேவுக்கு வந்தார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போன காரணமும் இதுதான். தொழிற்சாலையில் சம்பளம் வாங்கிக்கொண்டு, வேலையில் வந்த கேள்வியையே பிடித்து, அதன் அடிவரை போனவர். எங்கள் பக்கம் ஆய்வு என்றால் அது பல்கலைக்கழகத்துக்காரர்கள் விஷயம் என்று ஒதுங்கிவிடுவோம். பரிசோதனைக் கூடத்தில் எண்ணைக் குறித்துக் கோப்பில் வைப்பதோடு சரி. நானும் அப்படித்தான்.

1933இல் அதே வின்னிங்டனில், உயர் அழுத்தச் சோதனை ஒன்றில் எதிர்பாராமல் வெள்ளையாக மெழுகு போன்ற ஒரு பொருள் கிடைத்தது. அதுதான் பாலித்தீன். இன்றைக்குப் பசார் மாலாமில் மீன் போட்டுக் கொடுக்கும் பையின் மூதாதை. பன் அதை எக்ஸ்ரேவுக்கு முன்னால் வைத்தார். நீண்ட கார்பன் சங்கிலி படிகத்துக்குள் எப்படி அடுக்கியிருக்கிறது என்பதை 1939இல் வெளியிட்டார். ஒரு செயற்கைப் பாலிமரின் அமைப்பு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது அப்போதுதான். கையில் வித்தை வந்துவிட்டது. அடுத்து இயற்கை ரப்பர்.

இங்கே ஒரு விஷயம். உப்பு போன்ற நல்ல படிகம் ஆயிரக்கணக்கில் புள்ளி கொடுக்கும். இழுத்த ரப்பர் கொடுப்பது சில டஜன் புள்ளிகள்தான், அதுவும் இழுத்த மாதிரி மங்கலாக. ஆகவே நேரடியாகக் கணக்குப் போட்டு விடை எடுக்க முடியாது. முதலில் புள்ளிகளின் இடத்தை அளந்து, படிகத்தின் அடிப்படைப் பெட்டியின் அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். பன் கணக்கில் அந்தப் பெட்டி 12.46, 8.89, 8.10 ஆங்ஸ்ட்ராம். ஒரு மில்லிமீட்டரை ஒரு கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் ஆங்ஸ்ட்ராம். அந்தப் பெட்டி வழியாக நான்கு சங்கிலிகள் போகின்றன. பிறகு சங்கிலி இப்படி வளைந்திருக்குமோ என்று ஒரு மாதிரியை ஊகித்து, அப்படியானால் எந்தப் புள்ளி எவ்வளவு கருப்பாக விழ வேண்டும் என்று கணக்குப் போட்டு, படத்தோடு ஒப்பிட வேண்டும். ஒத்துவரவில்லையா, அணுவைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடியும் கணக்கு. கணினி இல்லாத காலம். எல்லாம் காகிதத்தில்.

1942இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்த அவருடைய கட்டுரை மூன்று பொருள்களின் அமைப்பைச் சொன்னது: கட்டப்பெர்ச்சா, ரப்பர், பாலிகுளோரோபிரீன் என்ற செயற்கை ரப்பர். மூலக்கூறு அமைப்பும் ரப்பரின் மீள்தன்மையும் என்பதுதான் தலைப்பின் சாரம்.

நூறு வருடப் புதிருக்கு விடை இப்படி வந்தது. ஐசோபிரீன் துண்டு ஒவ்வொன்றிலும் ஒரு இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. அது திரும்பாது, விறைப்பாக நிற்கும். அதை ஒரு அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கிலி அந்த அறைக்குள் ஒரு கதவால் நுழைந்து இன்னொரு கதவால் வெளியேற வேண்டும். கட்டப்பெர்ச்சாவில் இரண்டு கதவும் எதிரெதிர்ச் சுவரில் இருக்கின்றன. லயத்து வீட்டில் முன்வாசலில் நுழைந்து கொல்லைப்பக்கம் வெளியே போவது போல, சங்கிலி ஏறக்குறைய நேராகப் போய்விடும். இதை டிரான்ஸ் என்பார்கள். ரப்பரில் இரண்டு கதவும் ஒரே பக்கம். நுழைந்து, திரும்பி, அதே பக்கம் வெளியே வரவேண்டும். இது சிஸ். கட்டப்பெர்ச்சா 4.7 ஆங்ஸ்ட்ராமுக்கு ஒருமுறை, ஒவ்வொரு துண்டுக்கும் அதே வடிவத்துக்கு வந்துவிடுகிறது. ரப்பர் இரண்டு துண்டு கடந்து, 8.1 ஆங்ஸ்ட்ராமில்தான் பழைய வடிவத்துக்கு வருகிறது. சிஸ் என்பதை முன்பே ஊகித்திருந்தார்கள். பன் அதை அணுக்களின் இடத்தோடு காட்டினார். கூடவே, இரட்டைப் பிணைப்புக்கு அடுத்துள்ள ஒற்றைப் பிணைப்புகள் சுலபமாகத் திரும்பக்கூடியவை, அதனால்தான் இழுக்காதபோது சங்கிலி தாறுமாறாகச் சுருண்டு கிடக்கிறது என்பதையும் அமைப்பை வைத்தே விளக்கினார்.

நேரான சங்கிலிகள் சுலபமாக அடுக்கிக்கொள்ளும். எனவே கட்டப்பெர்ச்சா இழுக்காமலே படிகம், எப்போதும் கெட்டி. கோணல் சங்கிலிகள் சும்மா இருக்கும்போது அடுக்காது. பிடித்து இழுத்தால்தான் வரிசைக்கு வரும். வரிசைக்கு வரும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளியே தள்ளும். நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து, சட்டென்று இழுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள். சுடும். 1805லேயே ஜான் கோஃப் என்கிற கண் தெரியாத ஆங்கிலேயர் உதட்டில் வைத்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்.

அந்த வருடம் பேராக்கில்

1941 டிசம்பர் 8இல் ஜப்பானியர் கோத்தாபாருவில் இறங்கினார்கள். டிசம்பர் கடைசிக்குள் ஈப்போ அவர்கள் கையில். புத்தாண்டு பிறந்தபோது கம்பாரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஜனவரி 7இல் சிலிம் ரிவரில் பிரிட்டிஷ் படை உடைந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. பன் எந்தப் பொருளின் உள்ளே பார்த்தாரோ, அந்தப் பொருளின் உலகம் முழுக்கக் கைமாறத் தொடங்கி, சில மாதங்களில் முடிந்துபோனது.

நேச நாடுகளுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நின்றுவிட்டது. அமெரிக்கா அவசர அவசரமாகப் பெட்ரோலியத்திலிருந்தும் சாராயத்திலிருந்தும் செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டியது. 1945இல் வருடத்துக்கு ஏழு லட்சம் டன்னுக்கு மேல் எடுக்கும் அளவுக்கு அது வளர்ந்தது.

இங்கே மரங்கள் நின்றன, வாங்க ஆள் இல்லை. உளியும் வாளியும் சும்மா கிடந்தன. மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டுக் காலம் தள்ளினார்கள். பிறகு சயாம். பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது, 1943இல் தோட்டம் தோட்டமாகத் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. பாட்டியின் பெரியப்பா ஒருவர் சயாமுக்குப் போனார் என்பது மட்டும் எங்கள் வீட்டில் தெரியும். எந்த முகாம், எந்த மாதம், ஒன்றும் தெரியாது. அவர் பெயரில் ஒரு காகிதம் கூட இல்லை.

1942 கட்டுரையை முதன்முதலாகக் கணினித் திரையில் பார்த்தபோது எனக்கு இதுதான் உறுத்தியது. ரப்பரின் ஒவ்வொரு கார்பன் அணுவுக்கும் ஒரு முகவரி இருக்கிறது. நீளம், அகலம், உயரம் என்று மூன்று எண்கள். அந்தப் பாலை எடுத்தவருக்கு அது இல்லை. இதில் பன்னின் குற்றம் எதுவும் கிடையாது. போர் வருவதற்கு முன்பே தொடங்கிய வேலை அது, தான் அளந்ததை அவர் நேர்மையாக எழுதினார். ஆனால் எதை அளப்பது, எதைப் பதிவு செய்வது என்பதில் அன்றைய உலகத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கில் பால் உண்டு. ஆள் கிடையாது.

யார் காசு?

இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை வழக்கமான புலம்பலாகப் போயிருக்கும். தேடிக்கொண்டே போனபோது இன்னொரு தகவல் கிடைத்தது.

1938இல் இங்கிலாந்தில் பிரிட்டிஷ் ரப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிச் சங்கம் தொடங்கப்பட்டது. வெல்வின் கார்டன் சிட்டியில் அதன் ஆய்வுக்கூடம். ரப்பர் என்ற பொருளை அடிப்படையிலிருந்து புரிந்துகொள்வதுதான் நோக்கம். ஜார்ஜ் ஜெஃப்ரி என்கிற இளம் படிகவியலாளர் 1939இல் அங்கே சேர்ந்தார். ரப்பர் கொடுக்கும் புள்ளிகள் போதாது என்பதால் அவர் சுற்றுவழி ஒன்றைப் பிடித்தார். இரண்டே ஐசோபிரீன் துண்டு கொண்ட சின்ன மூலக்கூறான ஜெரானிலமீனின் உப்பை எடுத்தார். அது நல்ல படிகமாக வளரும், நிறையப் புள்ளி கொடுக்கும். அதில் அளந்த பிணைப்பு நீளங்களை வைத்து, பெரிய சங்கிலிகளைப் பற்றிப் பேசலாம். 1945இல் அந்த ஆய்வு வெளிவந்தது. ஜெஃப்ரி பின்னால் அமெரிக்கா போய்ப் பெரிய பெயர் எடுத்தார்.

இந்தச் சங்கத்துக்குக் காசு எங்கிருந்து வந்தது? மலாயா, இலங்கை போன்ற நாடுகளிலிருந்து ஏற்றுமதியான ரப்பர் மீது விதித்த செஸ் வரியிலிருந்து. மலாயாவிலேயே 1925இல் ஏற்படுத்திய ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் அதே வழியில்தான் நடந்தது. ஒவ்வொரு பவுண்டு ரப்பரிலிருந்தும் ஒரு சிறு பங்கு ஆராய்ச்சிக்குப் போனது. சட்டப்படி அதைக் கட்டியது தோட்ட நிர்வாகம். ஆனால் அந்தப் பவுண்டைக் காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்கு நின்று, மழைக்கும் கொசுவுக்கும் நடுவில் எடுத்துக் கொடுத்தது யார் என்று நமக்குத் தெரியும்.

ஆகவே அந்த எக்ஸ்ரே குழாயின் வெளிச்சத்தில் நம் ஆட்களின் பங்கும் இருந்தது. உணர்ச்சிவசப்பட்டு இதைச் சொல்லவில்லை, கணக்கு வழக்கிலேயே இருக்கிற விஷயம். அறிவியல் வரலாற்றைப் படிக்கும்போது நாம் வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள் என்ற நினைப்பு எனக்குப் பள்ளியிலிருந்தே இருந்தது. அந்த நினைப்பு இந்த இடத்தில் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

பிறகு நடந்தது

பன் ரப்பரோடு நிற்கவில்லை. போர்க்காலத்தில் பென்சிலினின் அமைப்பைக் கண்டுபிடிக்கும் வேலை வந்தது. ஆக்ஸ்ஃபர்டில் டோரதி ஹாட்ஜ்கினும் பார்பரா லோவும் ஒரு பக்கம், நார்த்விச்சில் பன்னும் ஆன் டர்னர் ஜோன்ஸும் இன்னொரு பக்கம். பென்சிலினின் வெவ்வேறு உப்புகளை எடுத்துக்கொண்டு, கண்டதை ஒப்பிட்டபடி போனார்கள். 1945இல் விடை வந்தது. அதே வருடம் வேதியியலாளர்களுக்காகப் படிகவியல் பற்றிப் பன் எழுதிய பாடநூலும் வெளியானது. 1947இல் நைலான், 1954இல் டெரிலின். அம்மா தலைமுறை ஆசையாகக் கட்டிய நைலக்ஸ் புடவையும் அப்பாவின் டெரிலின் சட்டையும் என்ன பொருள் என்று அணு மட்டத்தில் பார்த்தவர்கள் வரிசையில் அவர் பெயர் இருக்கிறது. ஹாட்ஜ்கினுக்கு 1964இல் நோபல் பரிசு கிடைத்தது. பன்னுக்கு 1967இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி. 1990இல் இறந்தார்.

அவருடைய ரப்பர் அமைப்பு அப்படியே நிலைக்கவும் இல்லை. 1954இல் நைபர்க் என்பவர், படிகத்துக்குள் சங்கிலிகள் இரண்டு விதமாகக் கலந்து அடுக்கியிருக்கின்றன, பன் நினைத்த அளவுக்கு ஒழுங்கு இல்லை என்று திருத்தினார். மங்கலான சில டஜன் புள்ளிகளிலிருந்து விடை எடுப்பதில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

தமிழ் வாசகர்கள் இந்தக் கதையின் இன்னொரு கிளையைக் கேள்விப்பட்டிருப்பார்கள். அதே 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் தோலிலும் தசைநாரிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழை முறுக்கிய சுருள் என்று சொன்னார்கள். அவர்களிடம் இருந்ததும் நல்ல படிகம் இல்லை. நார்தான், சில மங்கலான புள்ளிகள்தான். ஊகித்து, மாதிரி கட்டி, படத்தோடு ஒப்பிட்டார்கள். அடுத்த வருடமே அதைத் தாங்களே திருத்தி, சுருளுக்கு மேல் இன்னொரு சுருள் என்று மாற்றினார்கள். ரப்பரை இழுத்துப் படம் எடுத்தவர்கள் போட்ட தடத்தில் வந்த வேலைதான் அதுவும்.

பரிசோதனைக் கூடத்தில்

போர்க்காலச் செயற்கை ரப்பரில் ஒரு குறை இருந்தது. அதன் சங்கிலியில் துண்டுகள் தாறுமாறாகக் கோத்திருந்தன. எவ்வளவு இழுத்தாலும் வரிசைக்கு வராது, படிகமாகாது. கரித்தூள் கலந்து வலுவேற்றினால்தான் டயருக்கு உதவும். மரத்துப் பாலின் சங்கிலி ஏறக்குறைய முழுக்க சிஸ், தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே ஒழுங்கு. கிழிசல் ஒன்று தொடங்கினால், அதன் முனையில்தான் இழுப்பு அதிகம். அங்கே சங்கிலிகள் உடனே வரிசையாகிப் படிகமாகிக் கிழிசலைத் தடுக்கும். அதனால்தான் இன்றைக்கும் விமான டயரில் இயற்கை ரப்பர் இல்லாமல் முடிவதில்லை. 1954இல் அமெரிக்காவில் ஆய்வகத்திலேயே சிஸ் சங்கிலியைச் செய்துவிட்டார்கள். அப்படியிருந்தும் மரத்தின் ஒழுங்கு முழுசாக வரவில்லை.

எங்கள் தொழிற்சாலையில் இப்போது பெரும்பாலும் நைட்ரில் கையுறை. பெட்ரோலியத்திலிருந்து வருவது. லேடெக்ஸ் வரிசை சில நாள்தான் ஓடும். ஓடும் நாளில் எனக்குத் தெரியும், இழுப்பு இயந்திரத்தின் கோடு வேறு மாதிரி ஏறும். முதலில் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும். நாலைந்து மடங்கு தாண்டியதும் திடீரென்று செங்குத்தாக விறைக்கும். அந்த வளைவில் படிகமாதலுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த இடம் வரும்போதெல்லாம் உள்ளே காடு தோட்டமாகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். வெளியே நடப்பது வேறு. பாட்டி வெட்டிய தோட்டம் இப்போது செம்பனை. லயம் இருந்த இடத்தில் புல்.

போன மாதம் ஒரு கட்டு ரப்பர் வளையத்தை எடுத்துக்கொண்டு பாட்டியிடம் போனேன். நாங்கள் ஜீரோ பாயிண்ட் விளையாடக் கோத்த அதே வகை. ஒன்றை இழுத்து உதட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். வைத்துப் பார்த்தார்.

"சூடா இருக்கு."

நான் ஆரம்பித்தேன். சங்கிலி, வரிசை, எக்ஸ்ரே, பன், நாற்பத்திரண்டு, எல்லாம். பொறுமையாகக் கேட்டார். வெள்ளைக்காரன் படத்துக்கு எந்தத் தோட்டத்துப் பால் என்று கேட்டார். தெரியாது என்றேன்.

"கிராணி மெட்ரோலாக்க பால்ல விட்டுப் பாப்பாரு. எண்ணு கொறஞ்சா தண்ணி கலந்தியான்னு கேப்பாரு. மழைத்தண்ணி விழுந்திருக்கும். சொன்னா நம்ப மாட்டாரு. சம்பளத்துல கை வச்சிருவாரு." வளையத்தை மறுபடி இழுத்தார். "அவரு வச்சிருந்த கருவில இதெல்லாம் தெரியாது, என்ன?"

"தெரியாது பாட்டி. எவ்வளவு ரப்பர்னுதான் தெரியும்."

"அப்ப அந்தப் படத்தக் காட்டு."

கைபேசியில் இழுத்த ரப்பரின் எக்ஸ்ரே படத்தைத் தேடி எடுத்துக் காட்டினேன். நடுவில் வட்டம், சுற்றிலும் மங்கலாகப் புள்ளிகள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கைபேசியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.